கட்டுச்சோற்றில் காவிரிப் பாலம்

சனிக்கிழமை மாலை நாலு பதினேழுக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. மணி இவ்வளவு துல்லியமாகத் தெரிவது என் ஞாபகசக்தியால் இல்லை. திருத்திய புரோகிராமை நான் ஓடவிட்ட நேரம் லேப்டாப் திரையின் ஓரத்தில் பதிவாகியிருந்தது. அந்த நிமிடத்தில் என் மகள் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தாள். நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கதைகளைக் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க என்னால் முடியாது. மற்றவர்களுக்கு அதைச் செய்யவும் மனம் வரவில்லை. அன்று அந்தரத்தில் தொங்கியது அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஓர் ஒப்பந்தம். அது அறுந்தால் அவள் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண்.

அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். லைசென்ஸ் வாங்கிய கையோடு ஸ்கூட்டரும் வந்தது. சனிக்கிழமைகளில் காட்டூரில் இருக்கும் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் பிராஜெக்ட் வேலைக்காகப் போவாள். காட்டூர் ஊரின் கிழக்கே, தஞ்சாவூர் ரோட்டில். நாங்கள் இருப்பதோ ஆற்றுக்கு இந்தப் பக்கம். நடுவில் பால்பண்ணை, காந்தி மார்க்கெட், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, பாலம். எந்த இடத்தில் எந்த பஸ் எப்படி வளையும் என்று எனக்கு மனப்பாடம். முதல் சனிக்கிழமை அவளுக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அன்றுதான் ஒப்பந்தம் பேசினோம். அவள் வண்டியில் இருக்கும்போது நான் கூப்பிடக் கூடாது. மேப்பில் புள்ளியாக அவளைத் துரத்தக் கூடாது. எந்த இடம் தாண்டியிருக்கிறாள் என்று பெயர் மட்டும் தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டுமானால் நானே ஒரு புரோகிராம் எழுதிக்கொள்ளலாம். தேடிக்கொண்டு மட்டும் கிளம்பவே கூடாது. என் பக்கத்திலும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஓட்டும்போது போன் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அடித்தாலும் எடுக்கக் கூடாது. சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் வழியில் டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாள்.

“ஒரே ஒரு தடவை என் பின்னாடி உக்காந்து பாரும்மா. அப்புறம் எந்தப் புரோகிராமும் வேண்டியிருக்காது.”

எனக்கு இடுப்பு வலி என்றேன். வண்டியோடு வாங்கிய இரண்டாவது ஹெல்மெட் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேலேயே இருந்தது.

புரோகிராம் எழுதுவது எனக்குச் சுலபம். இருபது வருஷமாக சி மொழியும் அதன் பங்காளி மொழிகளும்தான் எனக்குச் சம்பளம் வாங்கித் தருகின்றன. போனுக்கான மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகளின் போன் அரை நிமிடத்துக்கு ஒரு முறை தான் இருக்கும் இடத்தை இரண்டு எண்களாக அனுப்பும். என் லேப்டாப் அதை வாங்கி, பக்கத்தில் இருக்கும் இடத்தின் பெயரைக் கண்டுபிடித்து உரக்கச் சொல்லும். “பால்பண்ணை.” கொஞ்சம் கழித்து, “காந்தி மார்க்கெட்.” உணர்ச்சியே இல்லாத குரல். ஆனால் அதைப்போல என் நெஞ்சுக்கு இதமான குரல் வேறு இல்லை. என் கணவர் அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தார். வேலை விஷயமாகத் தஞ்சாவூரிலேயே பாதி நாள் இருப்பவர், அங்கிருந்து போன் செய்து, உன் கண்டக்டர் விசில் எப்போ அடிப்பான் என்று கேட்பார். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் கணக்கு டீச்சர், கதவு திறந்திருந்தால் தன் வீட்டிலிருந்தே கேட்டுவிட்டு, “பொண்ணு சத்திரம் வந்தாச்சு போல, பாலை அடுப்புல வைங்க” என்று குரல் கொடுப்பார்.

மூன்று சனிக்கிழமைகள் இப்படி நன்றாகவே போயின. கெடுத்தது என் கைதான்.

பதற்றம் வந்தால் சிலர் அலமாரியை அடுக்குவார்கள், சிலர் பாத்திரம் தேய்ப்பார்கள். நான் எழுதி வைத்த புரோகிராமைத் துடைத்து வைப்பேன். அந்தச் சனிக்கிழமை அவள் காட்டூரில் கிளம்பியதும் என் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு விஷயம் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் புரியவைக்க அடுக்களைக்குத்தான் போக வேண்டும்.

சி மொழியில் அரே என்று ஒன்று உண்டு. அஞ்சறைப் பெட்டி மாதிரி. ஒரே பெட்டிக்குள் வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு மதிப்பு. மகள் இருக்கும் இடத்தின் இரண்டு எண்களும் அப்படி ஓர் அரேயில் இருந்தன. புது எண் வந்தால் பழையது போய்ப் புதியது அந்த அறையில் உட்காரும். இன்னொன்று குளோஷர். அது கட்டுச்சோறு. “இந்த வேலையை அப்புறம் செய்” என்று ஒரு துண்டுப் புரோகிராமை அனுப்பும்போது, அதற்குத் தேவையானதை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுத்துவிடுவோம். அது எங்கே போனாலும் தன் கட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொள்ளும். என் கண்டக்டர் இப்படி ஒரு குளோஷர்தான். அரை நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, எண்களைப் பார்த்து, ஊர் பெயரைச் சொல்லிவிட்டுத் தூங்கும்.

முதலில் எழுதும்போது அவசரத்தில் அந்த அரேயைப் பொதுவில் வைத்துவிட்டேன். அஞ்சறைப் பெட்டியை அடுக்களையில் வைக்காமல் மாடிப்படியில் வைத்த மாதிரி, யார் வேண்டுமானாலும் கை விடலாம். கண்டக்டரும் அங்கேயே வந்து பார்த்துக்கொண்டது. வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் எங்கள் தொழிலில் அது லட்சணமில்லை. ஆபீசில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். சரி, உள்ளே எடுத்து வைப்போம் என்று அரேயை ஃபங்ஷன் என்கிற அடுக்களைக்குள் கொண்டுவந்தேன். உடனே, நாம் எழுதுவதைப் படித்துச் சரிபார்க்கும் கம்பைலர் முறைத்தது. அரேயைக் குளோஷருக்குள் கட்டிக் கொடுக்க முடியாது என்றது.

அது எனக்குத் தெரிந்த முறைப்புதான். சி மொழியில் அரேயை முழுசாகத் தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்க வழியில்லை, அதன் விலாசத்தை மட்டும் கொடுக்கலாம். விலாசம் கொடுக்க எனக்குப் பயம். குளோஷர் சாவகாசமாக எழுந்து அந்த விலாசத்துக்குப் போகும்போது வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தால்? அப்படிப் பாழ்வீட்டுக் கதவைத் தட்டிய புரோகிராம்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் பாதுகாப்பான வழி என்று நினைத்து, அரேயை ஸ்ட்ரக்ட் என்கிற பைக்குள் போட்டுக் கொடுத்தேன். பெட்டியை வாங்காத கம்பைலர் பையோடு வாங்கிக்கொண்டது. புரோகிராமை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். மணி நாலு பதினேழு.

“காவிரிப் பாலம்” என்றது கண்டக்டர்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. பாலம் வந்துவிட்டால் வீடு வந்த மாதிரி. பாலை அடுப்பில் வைத்தேன்.

“காவிரிப் பாலம்.”

சனிக்கிழமை சாயங்காலம், நெரிசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பால் பொங்கியது, இறக்கினேன். மறுபடியும் காவிரிப் பாலம். டிகாக்‌ஷன் கலந்தேன். காவிரிப் பாலம். எனக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊற்றி, குடிக்காமல் வைத்தேன். அப்போதும் காவிரிப் பாலம். எதிர் ஃபிளாட்டிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, உங்க கண்டக்டர் ஒரே ஸ்டாப்பிங்ல நிக்கிறாரு? பஸ்ஸு பஞ்சரா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மேட்டூர் திறந்துவிட்டிருந்த மாதம் அது. கரையோடு கரையாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்னால் அதே பாலத்தில் நின்று, எவ்வளவு அழகு என்று சொன்னவளும் நான்தான். ஒப்பந்தத்தை மீறிப் போன் செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? போன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியவள் நான். மறுபடி அடித்தேன். ஒவ்வொரு தடவையும் மணி அடித்து ஓய்ந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் அதே பதிலைச் சொன்னது.

பிறகு நடந்ததில் கொஞ்சம் எனக்கு நினைவில்லை. டீச்சர் சொல்லித்தான் தெரியும். திறந்த லேப்டாப்பைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வீட்டுச் செருப்போடு படி இறங்கினேனாம். கதவைச் சாத்தவில்லை. போன் மேசை மேலேயே இருந்தது.

தெருமுனையில் ஆட்டோ இருந்தது, ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்கே போகணும் என்று கேட்டார். என் மடியிலிருந்து பதில் போனது.

“காவிரிப் பாலம்.”

அவர் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பும்போது அது மறுபடியும் சொன்னது. அவர் திரும்பாமலே அதற்குப் பதில் சொன்னார். “அங்கதான் போய்க்கிட்டிருக்கு.” அடுத்த அரை நிமிடத்தில் இன்னொரு தடவை. “வழி எனக்குத் தெரியும்னு அதுகிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா” என்றார் என்னிடம்.

இன்று இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. அன்று சிரிக்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரிலும் அவள் முகத்தைத் தேடினேன். பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது ஒரு லாரி மறைத்தது. அந்த லாரிக்குப் பின்னால் என் மகள் டயருக்குக் காற்றடிக்க வரிசையில் நின்றிருந்தாள். என் உத்தரவுப்படி.

என் மகளைத் தேடணும் என்று சொல்லிப் பாலத்தின் நடுவில் இறங்கினேன். திரும்புவதற்கு அந்தக் கோடி வரை போகணும், வளைச்சுக்கிட்டு வரேன், ஆள் கிடைக்கிற வரைக்கும் கூடவே நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அங்கே ஒன்றும் இல்லை. கூட்டமில்லை, விழுந்து கிடக்கும் வண்டியில்லை. காற்று வாங்க வந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஒரு ஜோடி மலைக்கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னிடம் வந்து, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கையில் லேப்டாப்போடு பாலத்தில் நிற்பவளை யார் என்று நினைத்தாளோ. லேப்டாப்பைச் சுவர் மேல் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எடுத்துக் கொடுத்தேன். அப்படி எடுத்ததில் மலைக்கோட்டை சாய்ந்து விழுந்திருக்கும்.

“காவிரிப் பாலம்” என்றது லேப்டாப். அந்தப் பையன் சிரித்தான். “கரெக்ட்தான் ஆன்ட்டி.”

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். வீட்டு வைஃபை வீட்டோடு நின்றுவிட்டது. நெட் குறி வெறுமையாக இருந்தது. தெருமுனையிலேயே அறுந்திருக்கும். பின்னே மகள் இருக்கும் இடம் இதற்கு யார் சொல்லி வருகிறது?

யாரும் சொல்லவில்லை. நாலு பதினேழுக்கு நான் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றைத்தான் அது பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பைக்குள் போட்டதும் அரே அப்படியே நகலெடுக்கப்பட்டது. நகலெடுத்த நேரத்தில் அவள் பாலத்தில் இருந்தாள். அதற்கப்புறம் வந்த எண்களெல்லாம் வீட்டில் இருந்த அசல் பெட்டியில் விழுந்தன. கட்டுச்சோறு ஊருக்குப் போனபிறகு வீட்டுக் குழம்பில் உப்புப் போட்டால் அதில் எப்படி ஏறும்? பையின் பெயருக்கு முன்னால், இது இருவருக்கும் பொது என்று சொல்லும் ஒரே ஒரு சொல்லைப் போட்டிருந்தால் தீர்ந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது வருகிற பிள்ளைகளிடம் நான் ஆசையாகக் கேட்கும் கேள்வியே இதுதான். தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லுங்க என்று பெருந்தன்மையாகச் சொல்வேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. போட்டோ எடுத்த ஜோடி மெதுவாக நகர்ந்து போனது. ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. நுரைத்துக்கொண்டு போன தண்ணீர் மறுபடியும் அழகாகத் தெரிந்தது. பாலத்தில் அவள் இல்லை. அவள் ஓர் இடத்தில் இல்லை என்பது எனக்கு இவ்வளவு நிம்மதி தந்தது அவளுடைய பத்தொன்பது வருஷத்தில் அதுவே முதல் தடவை.

நிம்மதி வந்த வேகத்தில் அடுத்த கவலை வந்தது. இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாள். கதவு திறந்து கிடக்கும். மேசையில் என் போன், ஆறிப்போன காபி, நான் இல்லை. அவள் போனில் என் அழைப்புகள் வரிசையாக. தேடிக்கொண்டு கிளம்பவே கூடாது என்றவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இனி சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டால் “வெளில” என்பாள். எப்போ வருவே என்றால் “வருவேன்.” ஆட்டோ வந்ததும் ஏறிப் பறந்து போய், ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எதிர்த் திசையிலிருந்து ஆட்டோ வருகிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை டீச்சர் பிறகு எனக்கு நடித்தே காட்டினார். மகள் மாடியேறி வந்து, திறந்த கதவையும் போனையும் பார்த்துவிட்டு, “அம்மா? அம்மா?” என்று ஒவ்வோர் அறையாகப் போயிருக்கிறாள். குளியலறைக் கதவைத் தட்டியிருக்கிறாள். பீரோவுக்குப் பின்னால்கூடப் பார்த்தாளாம். முகம் வெளுத்துப்போய் டீச்சர் வீட்டுக்கு ஓடிவந்து, எங்கம்மாவைக் காணும் ஆன்ட்டி என்றாளாம். போனை எடுக்காமல் எங்கே போவாங்க, பொறுப்பே இல்லை என்று அழுகைக் குரலில் திட்டினாளாம். டீச்சர் அங்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உங்கம்மா காவிரிப் பாலத்தில் இருக்காங்க, உங்க கண்டக்டரே சொல்லிச்சு என்றாராம்.

இப்போதும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் “காவிரிப் பாலம்” என்று குரல் கொடுத்தால் என் கை தானாக முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே நொடியில் எனக்கு இன்னொரு சத்தமும் கேட்கும். ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து வந்த ஸ்கூட்டரின் ஹாரன், சின்னதாக இரண்டு தடவை.

ஓரமாக, எனக்குப் பக்கத்தில், ஒரு பஸ் நிற்கிற நிதானத்தோடு நிறுத்தினாள். இண்டிகேட்டர் போட்டிருந்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். காலை ஊன்றினாள். இவ்வளவு ஒழுங்காக ஓட்டுவாளா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள். கண் சிவந்திருந்தது. உதடு ஒரு பக்கம் துடித்தது, கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் முந்திக்கொண்டேன். அரேயைப் பையில போட்டேன், அது காப்பி எடுத்துடுச்சு, என் தப்புத்தான், உன் மேல சந்தேகமே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். ஒப்பந்தம் போச்சா என்று மட்டும் கேட்கவில்லை. அவள் சுவர் மேல் இருந்த லேப்டாப்பையே பார்த்தாள். அது தன் நேரம் வந்ததும் சொன்னது.

“காவிரிப் பாலம்.”

அவள் இந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்தாள், அந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்தாள். கையை நீட்டி லேப்டாப்பை மெல்ல மூடினாள். தூரத்தில் ஆட்டோக்காரர் வளைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, ஆள் கிடைச்சாச்சா என்று கையாலேயே கேட்டார். மகள் அவருக்குத் தலையாட்டினாள். பிறகு காலுக்கு நடுவில் வைத்திருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்த இரண்டாவது ஹெல்மெட். அவசரமாக ஒரு பக்கம் மட்டும் கிழித்த பிளாஸ்டிக் உறை காற்றில் படபடத்தது.

நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் முன்னால் திரும்பி உட்கார்ந்து, பின் சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, பாலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

“ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம். பின்னாடி எடம் காலியா இருக்கு, ஏறிக்கங்கம்மா.”